கூரைக்குக் கையெழுத்துப் போடும் அக்காக்கள்

வாசகர் கேள்விகள், ஹூஸ்டனிலிருந்து பதில்கள்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் ‘சொராரிட்டி’ பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட, அதில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்காக ஓடியாடி வேலை செய்கிறார்கள் என்று சொன்னதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தச் சொராரிட்டியிலும் உறுப்பினர் இல்லை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மகள் ஒன்றில் உறுப்பினர், பக்கத்து வீட்டம்மா இன்னொன்றில். பக்கத்தில் நின்று பார்த்ததையும் என் மேஜைக்கு வந்து போகிற காகிதங்களில் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

இது லேடீஸ் ஹாஸ்டலா, மாதர் சங்கமா? ஒன்றும் பிடிபடவில்லையே.
– வாசகி, பாளையங்கோட்டை

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பெண்கள் தங்களுக்குள் ஆள் தேர்ந்தெடுத்து அமைத்துக்கொள்கிற சங்கம் இது. கிரேக்க எழுத்துகளில் பெயர், இரண்டு நிறம், ஒரு சின்னம், வெளியே சொல்லக்கூடாத சில சடங்குகள் எல்லாம் இருக்கும். பல கல்லூரிகளில் சங்கத்துக்குச் சொந்த வீடு இருக்கும், பிள்ளைகள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பார்கள்.

ஆரம்பித்த கதை சுவையானது. 1867இல் இல்லினாய் மாநிலம் மன்மத் கல்லூரியில் பன்னிரண்டு மாணவிகள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பை பீட்டா ஃபை. 1870இல் இந்தியானாவில் பெட்டி லாக் என்ற மாணவியிடம் ஆண்களின் சங்கம் ஒன்று, “எங்கள் சின்னத்தை வேண்டுமானால் குத்திக்கொள், உறுப்பினராக மட்டும் சேர்க்க முடியாது” என்றதாம். உறுப்பினர் இல்லையென்றால் உங்கள் சின்னம் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தோழிகளோடு கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார். இப்படிப்பட்ட 26 சங்கங்கள் இன்று ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. அந்தக் கூட்டமைப்பு 1902இல் உருவானது.

இந்தப் பழைய சங்கங்கள் அன்றைக்கு வெள்ளைக்காரப் பெண்களுக்கானவையாகவே இருந்தன. கறுப்பினப் பெண்களுக்கு அங்கே கதவு திறக்கவில்லை. அவர்கள் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும், 1913இல் டெல்டா சிக்மா தீட்டாவையும், 1920இல் ஸீட்டா ஃபை பீட்டாவையும் தொடங்கினார்கள். 1922இல் இந்தியானாபோலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பட்டம் வாங்கியதும் ஹாஸ்டலைக் காலி செய்துவிடலாம், சொராரிட்டியைக் காலி செய்ய முடியாது. உறுப்பினர் என்றால் ஆயுளுக்கும் உறுப்பினர்.

கமலா ஹாரிஸுக்கு 19 டாலர் 8 சென்ட் என்று கணக்காக நன்கொடை அனுப்பினார்களாமே, ஏன் இந்த விசித்திரத் தொகை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

வருடத்தைத் தொகையாக்கிவிட்டார்கள் சார். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது 1908. கமலா 1986இல் ஹோவர்டில் படிக்கும்போது அதில் சேர்ந்தவர். 2020 ஆகஸ்டில் பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்ததும், அந்தச் சங்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சரியாக 19.08 டாலர் அனுப்பினார்கள். காசோடு சேர்த்து ‘நாங்கள்தான் அனுப்புகிறோம்’ என்ற செய்தியும் போய்விட்டது. பக்கத்து வீட்டம்மா அன்றைக்கு எங்கள் வேலிக்கு மேலாக போனை நீட்டி அந்த ரசீதைக் காட்டினார். “உங்க ஊர்ப் பெண்ணாமே?” என்று கேட்டார். அம்மா சியாமளா சென்னையில் பிறந்து, 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர் என்று சொன்னேன். “அப்போ நாம் சம்பந்தி” என்று சொல்லிச் சிரித்தார்.

2024 ஜூலையில் டல்லஸில் நடந்த அந்தச் சங்கத்தின் தேசிய மாநாட்டில் கமலா பேசினார். அரங்கம் முழுக்க சால்மன் பிங்க்கும் ஆப்பிள் பச்சையும்தான். அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், நான் கவனித்தது வேறு. கறுப்பினச் சங்கங்களில் கல்லூரிக் காலம் என்பது முன்னுரை மாதிரிதான். பட்டம் வாங்கிய பெண்களுக்கென்று ஊர் ஊராகத் தனிக் கிளைகள் இருக்கின்றன. மாதக் கூட்டம், வரவு செலவு, தேர்தல் எல்லாம் உண்டு. கல்லூரிக் காலத்தில் சங்கத்தில் சேராதவர்கள்கூட, பட்டதாரியான பிறகு ஊர்க் கிளை வழியாகச் சேரலாம். கல்லூரிக் கிளையை மேற்பார்வை பார்ப்பதும் பெரும்பாலும் அந்த ஊர்க் கிளைதான்.

அவர்கள் சேர்ந்து செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது மிசிசிப்பி சுகாதாரத் திட்டம். 1935 கோடையில் டாக்டர் டாரத்தி ஃபெரபீ தலைமையில் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியைகளுமாக ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் சொந்தக் கார்களில் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குப் போனார்கள். பருத்திக் காட்டில் விளைச்சலில் ஒரு பங்குக்காக உழைத்த கறுப்பினக் குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்துவது திட்டம். பண்ணை முதலாளிகள் வேலையாட்களை முகாமுக்கு விடவில்லை. சரி, நீங்கள் அங்கே வரவேண்டாம், நாங்களே வருகிறோம் என்று காரையே ஆஸ்பத்திரி ஆக்கிப் பண்ணைகளுக்குள் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை நடந்த திட்டம் இது. படித்து முடித்த பெண்கள் தங்கள் கோடை விடுமுறையையும் தங்கள் பணத்தையும் போட்டு நடத்தியது.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவியர் சங்கத்தில் வருடம் ஒரு கூட்டம், ஒரு சாப்பாடு, ஒரு குரூப் போட்டோ. அத்தோடு சரி. அங்கே மூத்தவர்கள் புதியவர்களுக்கு அப்படி என்னதான் செய்கிறார்கள்?
– சங்கச் செயலாளர், திருச்சி

நல்ல கேள்வி அம்மா. விரிவாகவே சொல்கிறேன்.

சினிமாவில் காட்டுவதெல்லாம் பாட்டும் பார்ட்டியும்தான். உண்மையில் மூத்தவர்களின் வேலையில் பாதி, கேட்டால் கொட்டாவி வரும். அந்தப் பெரிய வீடு யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? பல இடங்களில் பழைய உறுப்பினர்கள் நடத்துகிற ஒரு தனி நிறுவனத்தின் பெயரில். மாணவிகள் கட்டுகிற வாடகை அங்கேதான் போகும். கூரை ஒழுகினால் மூன்று கொட்டேஷன் வாங்கிக் கையெழுத்துப் போடுவது, தீயணைப்புக் குழாயைச் சோதிக்கச் சொல்வது, இன்சூரன்ஸ் புதுப்பிப்பது, பிள்ளைகளோடு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை வேலைக்கு எடுப்பது எல்லாமே சம்பளம் இல்லாத அந்தப் பெண்களின் பொறுப்பு. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற அப்படிப்பட்ட ஒருவர் பல் மருத்துவர். கிளினிக் முடிந்து வந்து சமையலறைப் புகைபோக்கியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

அப்புறம் ஆலோசகர்கள். மாணவிகளில் தலைவி, பொருளாளர், புதியவர்களைச் சேர்ப்பவர், ஒழுங்கு பார்ப்பவர் என்று பொறுப்பாளர்கள் இருப்பார்கள் அல்லவா? நன்றாக நடக்கும் கிளைகளில் அவர்களுக்குத் துணையாக ஒவ்வொரு மூத்த பெண் இருப்பார். பொதுவாக ‘ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு’ என்று சொல்கிற வேலை இல்லை இது. இன்ன பொறுப்புக்கு இன்னார்.

என் மகள் இருந்தது தெற்காசியப் பெண்களின் சொராரிட்டி. அதற்கு வீடு கிடையாது, அதனால் கூரைக் கவலையும் கிடையாது. ஆனால் மகள் பொருளாளராக இருந்தபோது ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். மறுமுனையில் ஆஸ்டினில் ஆடிட்டராக இருக்கும் ஒரு அக்கா, மடியில் கைக்குழந்தை. “ஹாலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்ததா? வந்த பணத்தை ஏன் வருமானத்தில் எழுதியிருக்கிறாய்? யார் யார் இன்னும் சந்தா தரவில்லை, அவர்களிடம் தனியாகப் பேசினாயா, குரூப்பில் போட்டாயா?” குரூப்பில் போட்டேன் என்று மகள் சொன்னதும் அந்தப் பக்கம் மௌனம். பிறகு, “ஒருத்திக்குப் பணக் கஷ்டம் இருக்கலாம், அதை நாற்பது பேருக்குத் தெரிய வைக்கலாமா?” என்றார். பி.காம். படித்த நான்கூட மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த அக்கா திட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு ஒரு சீனியரை ‘பிக்’ என்று ஒதுக்குவார்கள், சேர்ந்தவள் ‘லிட்டில்’. அந்த பிக்குக்கு ஒரு பிக், அவளுக்கும் ஒரு பிக் என்று மேலே மேலே போகும். நம் வீட்டு வம்சாவளி மாதிரிதான், கொள்ளுப்பாட்டி வயது இருபத்தெட்டாக இருக்கும், அவ்வளவே. இதன் அருமை எப்போது தெரியும் என்றால் கோடைக்காலப் பயிற்சி வேலை தெரியாத ஊரில் கிடைக்கும்போது. முதல் சம்பளம் வரும்வரை தங்க ஒரு சோஃபா, நேர்முகத் தேர்வுக்குக் கடன் கொடுக்க ஒரு கோட்டு, ‘அந்த மேனேஜரிடம் இதை மட்டும் கேட்காதே’ என்று சொல்ல ஒரு ஆள். மகள் சிகாகோவில் இறங்கிய ராத்திரி, விமான நிலையத்தில் அவளைக் கூப்பிட வந்தவரை அவள் அதற்கு முன்னால் நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு இங்கே தூக்கம் இல்லை. அங்கே அவர்கள் இரண்டு பேரும் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டம்மா வேறு ரகம். அவர் கார் டிக்கியைத் திறந்தால் மடக்கு மேஜை, பிங்க் மேஜை விரிப்பு, ஊசி நூல் டப்பா, பாதுகாப்பு ஊக்கு, உதவித்தொகை விண்ணப்பக் கட்டு, சத்து பார் ஒரு பெட்டி. கல்லூரிக் கிளை எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் முதல் ஆளாகப் போய் மேஜையை விரிப்பார். பேச்செல்லாம் பேசமாட்டார். “பேச்சுக்கு நிறைய பேர் கிடைப்பார்கள், ஊக்குக்கு ஆள் கிடைக்காது” என்பார்.

ஜனவரியில், சங்கம் தொடங்கிய நாளைக் கொண்டாட மதிய விருந்து. பதினெட்டு வயதும் எண்பது வயதும் ஒரே மேஜையில் உட்காரும்படி வேண்டுமென்றே இடம் ஒதுக்குவார்கள். உங்கள் கூட்டத்தில் 1985 பேட்ச் ஒரு மேஜை, 2015 பேட்ச் ஒரு மேஜை என்றுதானே உட்காருவீர்கள்? அதை மட்டும் கலைத்துப் பாருங்கள், முதலில் முணுமுணுப்பு வரும்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால் சங்கத்துப் பெண்கள் வெள்ளை உடுத்தி வந்து, தங்கள் முறைப்படி அஞ்சலி செலுத்திவிட்டுப் போவார்கள். வீட்டாருக்கே தெரியாத பல முகங்கள் அங்கே வரும்.

மகள் டெக்சஸில் இளங்கலை சேர்ந்திருக்கிறாள். சொராரிட்டியில் சேரட்டுமா என்கிறாள். செலவு, ராகிங் இரண்டையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பயப்படுவதில் தப்பில்லை. செலவு கல்லூரிக்குக் கல்லூரி, சங்கத்துக்குச் சங்கம் மாறும். வீடு உள்ள பெரிய சங்கம் என்றால் கையைக் கடிக்கும், வீடில்லாத சின்னச் சங்கம் அவ்வளவு இல்லை. முதல் பருவத்தில் சேர்க்கைக் கட்டணம், சின்னம், உடுப்பு என்று கூடுதலாக வரும். முழு வருடத்துக்கும் எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

நம் பிள்ளைகள் அதிகம் சேர்வது தெற்காசியச் சங்கங்களில். மூன்று பெரிய சங்கங்கள் ஒரே வருடம், 1998இல் பிறந்தவை: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, எங்கள் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. தொடங்கிய பெண்களுக்கே இப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். அதாவது அக்காமார் இருக்கிறார்கள், பாட்டிமார் இன்னும் வரவில்லை. நூறு வருடச் சங்கங்களில் இருக்கும் பணபலம் இவர்களிடம் இல்லை. அதற்குப் பதில், தீபாவளிக்கு ஊருக்குப் போகமுடியாமல் அழுகிற பிள்ளையைப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராகிங் உண்மையிலேயே இருக்கிறது. உயிர்கள் போயிருக்கின்றன. டெக்சஸில் அது குற்றம். ‘அவளே சம்மதித்துத்தான் செய்தாள்’ என்ற வாதம் சட்டப்படி செல்லாது, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் குற்றம். 2024 டிசம்பரில் வந்த தேசியச் சட்டப்படி, ராகிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மகள் விரும்புகிற சங்கத்தின் பெயர் அந்த அறிவிப்பில் இருக்கிறதா என்று அவளையே தேடச் சொல்லுங்கள். கூடவே, அந்தக் கிளையின் ஆலோசகர் யார், ஒரு முறை பேசமுடியுமா என்று கேளுங்கள். வளர்ந்த பெண், வேலைக்குப் போகிறவர், போன் எடுத்துப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் பாதி நிம்மதி. பாதிதான். ஏனென்றால் “எங்கள் காலத்தில் நாங்கள் படாததையா இவர்கள் படுகிறார்கள்” என்று சொல்லி ராகிங்கை உயிரோடு வைத்திருப்பவர்களும் சில மூத்தவர்களே. என் அலுவலகத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாமியார் ஞாபகம் வரும். (அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.)

நம்மூர் சாதிச் சங்கத்தை இங்கிலீஷில் நடத்துகிறார்கள், அவ்வளவுதானே?
– வாசகர், மதுரை

நறுக்கென்று கேட்டுவிட்டீர்கள். இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. 2013இல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மதிப்பெண், நல்ல குடும்பம், எல்லாத் தகுதியும் உள்ள கறுப்பின மாணவி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள மாணவிகள் பலர் தயாராக இருந்தும், வெள்ளையர் சொராரிட்டிகளில் ஒன்றுகூட அவளைச் சேர்க்கவில்லை. முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றதாக உள்ளே இருந்த பெண்களே சொன்னார்கள். நாடு முழுக்கப் பெரிய விவகாரம் ஆனது. பல்கலைக்கழகத் தலைவர் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறக்க வைத்தார். கூரைக்குக் கையெழுத்துப் போடுகிற கைக்கு, கதவைச் சாத்துகிற பலமும் வந்துவிடுகிறது. பணமும் கட்டடமும் மூத்தவர்களிடம் இருக்கும்போது இருபது வயதுப் பெண் எவ்வளவுதான் எதிர்த்துப் பேசுவாள்?

அம்மா, பாட்டி இருந்த சங்கத்தில் மகளுக்கு முன்னுரிமை என்ற வழக்கமும் வெகுகாலம் இருந்தது. 2020க்குப் பிறகு பல சங்கங்கள் அதை எடுத்துவிட்டன. பழைய உறுப்பினர்களில் சிலர் இதற்காகக் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சங்கங்களையும் இதே தராசில் போடாதீர்கள். டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கிய 22 மாணவிகள் முதன்முதலில் பொதுவெளியில் செய்த காரியம், 1913 மார்ச்சில் பெண்கள் வாக்குரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணியில் நடந்து போனது. சங்கம் தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் சங்கத்தில் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? வாட்ஸப் குரூப்பில் 200 பேர் இருக்கிறோம்.
– இன்னொரு வாசகி, திருச்சி

முதலில் ‘இனிய காலை வணக்கம்’ படங்களுக்குத் தனிக் குரூப் போடுங்கள். பிறகு 200 பேரையும் கூப்பிடாமல் ஐந்து பேரைப் பிடியுங்கள். கல்லூரியில் இப்போது மாணவர் மன்றப் பொறுப்பில் இருக்கிற ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒருவர், மாதம் ஒரு போன், ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லுங்கள். ஆயுசுக்கும் என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள், வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்கள் அவர்கள்தான். சேர்ந்து செய்ய ஒரு வேலையும் வேண்டும். பை பீட்டா ஃபையின் பழைய உறுப்பினர்கள் 1912இல் டென்னசி மலைக்கிராமமான கேட்லின்பர்கில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அது வளர்ந்து இன்றைக்கு ஏரோமான்ட் என்ற கைவினைப் பள்ளியாக நிற்கிறது. நீங்கள் பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டாலே வேலை கிடைத்துவிடும்.

இடையில் தொடர்பு விட்டுப்போனவர்கள் திரும்பச் சேர முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று விலகிப் போகிறவர்கள்தான் அதிகம். பெயர் பட்டியலை விட்டுப் போகாது, வருடச் சந்தா கட்டாததால் ஓட்டுரிமை, சில கூட்டங்கள் மட்டும் இல்லாமல் போகும். திரும்பி வருகிறவர்களைக் கூப்பிடுவதற்கென்றே சில கிளைகளில் தனிக் குழு இருக்கிறது. பக்கத்து வீட்டம்மா அதிலும் இருக்கிறார். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் ஒவ்வொருவராக போன் செய்வார். “ஏன் வரவில்லை?” என்று மட்டும் கேட்கவே மாட்டார். “அடுத்த வாரம் உன் வீட்டு வழியாகத்தான் போகிறேன், காரில் இடம் இருக்கிறது” என்பார். சந்தாப் பேச்சு மூன்றாவது நான்காவது கூட்டத்துக்குப் பிறகுதான்.